டெக்னர் கொண்டுபோனது என்ன? காடன் செய்தது என்ன?

பைக் பந்தய வரலாற்றைப் பற்றிப் பேச்சு வந்தால் எர்ன்ஸ்ட் டெக்னர் கதை எப்படியும் வந்துவிடும். வந்ததும் அது உளவுக் கதையாக மாறிவிடும். 1961 செப்டம்பர் 17, பெர்லினில் சுவர் எழும்பி ஐந்தே வாரம். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் அணிக்காக சுவீடனின் கிறிஸ்டியான்ஸ்டாட் பந்தயத்தில் ஓட்ட வந்தவர் ஊர் திரும்பவில்லை. மனைவியும் இரண்டு மகன்களும் ஒரு காரின் டிக்கியில் மறைந்து எல்லை தாண்டினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் ஜப்பானில், சுஸுகி ஆலையில். 1962ல் சுஸுகிக்கு 50 சிசி உலகப் பட்டம். "டூ ஸ்ட்ரோக் ரகசியத்தைத் திருடி விற்றவர்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

இந்த ஒரு வரியில்தான் எனக்குச் சண்டை. டெக்னருக்கு நியாயம் கேட்பது என் நோக்கமில்லை. ஒரு சூட்கேஸுக்குள் அடங்கிவிடுகிற பொருளாக எட்டு வருட உழைப்பைச் சுருக்கிவிடுவதால், இந்தக் கதையில் அதிகம் இழப்பவர் வால்டர் காடன். டூ ஸ்ட்ரோக் இன்ஜினைப் பந்தயத்தில் ஜெயிக்கவைத்த மனிதர் என்று ஒரே ஒருவரைச் சொல்லச் சொன்னால் நான் அவரைத்தான் சொல்வேன். சாம்பியன்கள் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. அவர் எம்இசட் பந்தயப் பிரிவின் பொறியாளர்.

சாக்சனி மாநிலத்தில் சோபாவ் என்றொரு சின்ன ஊர். ராஸ்முசென் என்ற டென்மார்க்காரர் அங்கே தொடங்கிய டிகேடபிள்யூ, இரண்டாம் உலகப்போருக்கு முன்பே உலகின் மிகப் பெரிய மோட்டார் சைக்கிள் கம்பெனிகளில் ஒன்று. போர் முடிந்ததும் அவர்களுடைய ஆர்டி 125 வண்டியை உலகமே நகலெடுத்தது. இங்கிலாந்தில் பிஎஸ்ஏ பான்டம், அமெரிக்காவில் ஹார்லியின் 125, ரஷ்யாவில் மாஸ்க்வா, ஜப்பானில் 1955ல் யமஹாவின் முதல் பைக்கான ஒய்ஏ-1 எல்லாமே அதன் வாரிசுகள். ஜப்பான் டூ ஸ்ட்ரோக்கின் வேர் சோபாவில் இருப்பது டெக்னர் ஓடிப்போவதற்கு முன்பே தொடங்கிய விஷயம்.

போருக்குப் பின் ஊர் சோவியத் பக்கம் போனது. ஆலையின் பெயர் ஐஎஃப்ஏ ஆகி, 1956ல் எம்இசட் ஆனது. போர்க்காலத்தில் ஹென்ஷெல் விமான கம்பெனியில் வேலை பார்த்த காடன், 1953ல் பந்தயப் பிரிவின் பொறுப்புக்கு வந்தார். அவர் எதையும் வெறுங்கையோடு கண்டுபிடித்தார் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க்கின் பக்கத்தில் சுழலும் டிஸ்க் வால்வை ஆர்டி 125ல் பொருத்திக் காட்டியவர் டேனியல் சிம்மர்மன் என்ற தனி டியூனர். கூம்பு வடிவ எக்ஸாஸ்ட் குழாயை மேற்கு ஜெர்மனியின் டிகேடபிள்யூவில் எரிக் வோல்ஃப் முன்பே முயன்றிருந்தார். தட்டையான பிஸ்டனோடு பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சுழற்றி உள்ளே விடும் ஷ்னூர்லே முறை 1920களிலேயே வந்துவிட்டது. ஆனால் இவை ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று உட்கார்ந்து அளந்து, ஒரே தாளத்துக்குக் கொண்டுவந்தவர் காடன். பந்தயப் பொறியியலில் இதுதான் கடினமான வேலை. தனித்தனியாக நல்லதாக இருக்கும் மூன்று விஷயங்களைச் சேர்த்தால் இன்ஜின் கெட்டுப்போவதுதான் வழக்கம்.

முதலில் டிஸ்க் வால்வு. சாதாரண டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனின் பாவாடைதான், அதாவது அதன் பக்கச் சுவரின் கீழ்ப்பகுதிதான், கார்புரேட்டர் துளையைத் திறந்து மூடும். பிஸ்டன் மேல் உச்சிக்கு வருவதற்குக் கிராங்க் சுழற்சியில் 75 டிகிரி முன்பு திறந்தால், உச்சியைத் தாண்டி 75 டிகிரி வரை திறந்தேதான் இருக்கும். சீக்கிரம் திறக்க வேண்டும் என்றால் தாமதமாகத்தான் மூடும்; கீழே இறங்கும் பிஸ்டன், உள்ளே வந்த கலவையை கார்புரேட்டர் வழியாகத் திருப்பித் துப்பும். கிராங்க் முனையில் ஒரு மெல்லிய எஃகுத் தட்டை மாட்டி, அதில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிட்டால் இந்தக் கட்டாயம் போய்விடுகிறது. எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதைத் தட்டின் இரண்டு ஓரங்களைத் தனித்தனியாக அரம் வைத்துத் தேய்த்தே மாற்றலாம்.

இரண்டாவது, கூடுதல் டிரான்ஸ்ஃபர் போர்ட், அதாவது பிஸ்டனுக்கு அடியிலிருந்து கலவை மேலே சிலிண்டருக்குள் ஏறும் துளை. இரண்டு பக்கத் துளைகளோடு, எக்ஸாஸ்ட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று. பிஸ்டனின் பின்பக்கச் சுவரில் ஒரு ஜன்னல் வெட்டி, பிஸ்டனுக்கு அடியில் சும்மா தேங்கிக் கிடக்கும் கலவையை அந்த வழியாக மேலே அனுப்பினார். சக்தி கூடியது ஒரு லாபம். குளிர்ந்த, எண்ணெய் கலந்த கலவை பிஸ்டன் தலையின் அடிப்பக்கத்தையும் கனெக்டிங் ராடின் சின்ன பேரிங்கையும் நனைத்துக்கொண்டு போனது அதைவிடப் பெரிய லாபம். அந்தக் காலத்து டூ ஸ்ட்ரோக் ரேஸ் இன்ஜின்கள் பாதி வழியில் நின்றதற்கு வெந்துபோன பிஸ்டனும் கருகிய சின்ன பேரிங்கும்தான் வழக்கமான காரணங்கள்.

மூன்றாவதுதான் உயிர்நாடி: எக்ஸ்பான்ஷன் சேம்பர். புகை வெளியேறும் துளையான எக்ஸாஸ்ட் போர்ட் திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் பாய்கிறது. விரியும் கூம்பை அது தொடும்போது எதிர்த்திசையில் ஓர் உறிஞ்சும் அலை சிலிண்டருக்குத் திரும்புகிறது. எரிந்த புகையை இழுப்பதோடு, டிரான்ஸ்ஃபர் வழியாகப் புதுக் கலவையையும் அதுவே மேலே இழுக்கிறது. கொஞ்சம் கலவை குழாய்க்குள்ளும் போய்விடும். முதல் அலை தொடர்ந்து போய்ச் சுருங்கும் கூம்பில் மோதித் திரும்பி, வழிதவறிய அந்தக் கலவையைப் போர்ட் மூடுவதற்கு முன் சிலிண்டருக்குள்ளேயே அழுத்தித் திணிக்கிறது. வால்வோ கேமோ இல்லாமல் ஒரு தகரக் குழாய் இன்ஜினுக்குச் சூப்பர்சார்ஜர் வேலை பார்க்கிறது.

கணக்கு எளிது. போர்ட் திறந்திருக்கும் டிகிரியை, சூடான புகையில் ஒலியின் வேகத்தால் பெருக்கி, ஆர்பிஎம்மின் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) 12 மடங்கால் வகுத்தால், பிஸ்டன் முகத்திலிருந்து சுருங்கும் கூம்பு வரை வேண்டிய நீளம் மீட்டரில் கிடைக்கும். 190 டிகிரி, நொடிக்கு 500 மீட்டர், 10,800 ஆர்பிஎம் என்று வைத்துப் பாருங்கள்: 73 சென்டிமீட்டர். அலை போய்வர சுமார் 2.9 மில்லி நொடி. அதே இன்ஜின் 8,000ல் இழுக்க வேண்டுமென்றால் குழாய் 99 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 73 சென்டிமீட்டர் குழாயோடு 7,000ல் ஓட்டினால் அலை நேரத்துக்கு முன்பே வந்து, டிரான்ஸ்ஃபர் திறந்திருக்கும்போதே கலவையைக் கீழே தள்ளும். இன்ஜின் மூச்சு முட்டி இருமும். 10,800ஐ நன்றாகத் தாண்டினால் அலை வரும்போது கதவு சாத்தியிருக்கும். இடையில் இன்ஜின் முழுச் சக்தியோடு இழுக்கும் குறுகிய இடம்தான் பவர்பேண்ட். கூம்பின் சரிவைக் கூட்டினால் அலை வலுக்கும், பேண்ட் இன்னும் குறுகும். இதனால்தான் சுஸுகியின் 50 சிசி ரேஸ் வண்டி 1967 வாக்கில் 14 கியரில் போய் நின்றது. காடன் இந்த அலைகளை அலைகளை வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப் கருவியின் திரையில் பார்த்தே வேலை செய்தார். மற்ற பட்டறைகளில் குழாயை வெட்டி ஒட்டிக் காதால் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

இதைப் படிக்கிற யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பளபளப்பான சைலன்சருக்குள்ளும் இதே கூம்புகள்தான் இருக்கின்றன. பின்னால் இருக்கும், சத்தத்தை அடக்கும் பேஃபிளை உருவிப் போட்டால் சத்தம் கூடும். அலையின் பின்னழுத்தம் குறையும், கலவை மெலியும், பிஸ்டன் சூடேறி ஜாம் ஆகும். ரேஸ் குழாயில் கடைசிச் சிறு குழாயின் விட்டம், போர்ட்டிலிருந்து வரும் முதல் குழாயின் விட்டத்தில் ஏறக்குறைய 0.6 பங்கு. அதைவிடப் பெரிதானால் சக்தி குறையும். மிகவும் சிறிதானால் சூடு வெளியே போக வழியில்லாமல் பிஸ்டனில் ஓட்டை விழும். எக்ஸாஸ்ட் போர்ட்டை உயர்த்திவிட்டுப் பழைய குழாயையே மாட்டுவதும் வீண்வேலை. போர்ட்டை அகலமாக்கும்போது போரின், அதாவது சிலிண்டர் உள்வட்டத்தின், விட்டத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஓரத்தைச் சாய்வாகத் தேய்க்காவிட்டால் பிஸ்டன் ரிங் மாட்டி உடையும். எதை மாற்றினாலும் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட்டை ஒரு நம்பர் ஏற்றி, முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டி, அப்படியே இன்ஜினை அணைத்துப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பிப்பொடி நிறம் நல்லது. வெள்ளையாக இருந்தால் அடுத்த பெரிய ஜெட்.

மீண்டும் சோபாவுக்கு. 1961ல் எம்இசட் 125, 54 மி.மீ. போர், 54 மி.மீ. ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர், 10,800 ஆர்பிஎம்மில் சுமார் 25 குதிரைத்திறன் கொடுத்தது. லிட்டருக்கு 200. சூப்பர்சார்ஜர் இல்லாத எந்தப் பிஸ்டன் இன்ஜினும் அதுவரை எட்டாத கணக்கு. இதற்கு 24 வருடம் கழித்து நம் தெருக்களுக்கு வந்து, வேகத்துக்கே பெயர் போன ஆர்எக்ஸ் 100 கொடுத்தது 98 சிசியில் 11 குதிரைத்திறன். காடனுக்கு நல்ல உலோகமோ பேரிங்கோ நினைத்தபோது கிடைக்காத நாட்டில் நடந்தது இது. 1958ல் சுவீடனின் ஹெடெமோராவில் ஹார்ஸ்ட் ஃபியூக்னர் முதல் கிராண்ட் பிரி வெற்றியைத் தந்தார். அடுத்த ஆண்டு கேரி ஹாக்கிங் 250ல் இரண்டு பந்தயம் ஜெயித்ததும், இத்தாலியின் எம்வி அகுஸ்டா அணி அவரைத் தூக்கிக்கொண்டு போனது.

டெக்னர் வெறும் வீரரும் இல்லை. பொறியியல் தெரிந்தவர், காடனோடு சேர்ந்து வண்டியை மேம்படுத்தியவர். 1961ல் ஹாக்கன்ஹைம், சாக்சன்ரிங், மான்சா மூன்றிலும் வென்று, ஹோண்டாவின் டாம் ஃபிலிஸோடு பட்டத்துக்கு மல்லுக்கட்டினார். கிறிஸ்டியான்ஸ்டாட்டில் ஜெயித்திருந்தால் பட்டம் ஏறக்குறைய கைக்கு வந்திருக்கும். இன்ஜின் உடைந்தது. வேண்டுமென்றே உடைத்தார் என்று இன்றும் எழுதுகிறார்கள். நான் நம்பவில்லை. உலக சாம்பியனாக ஓடிப்போகிறவருக்கு சுஸுகியிடம் மதிப்பு கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது. அர்ஜென்டினாவில் நடந்த கடைசிப் பந்தயத்தில் அவரால் ஓட்ட முடியவில்லை. பட்டம் ஃபிலிஸுக்குப் போனது.

அவர் சுஸுகிக்குக் கொண்டுபோனவற்றில் வரைபடமும் உதிரிபாகமும் இருந்திருக்கலாம். அவை மட்டும் போதாது. ஒரு சேம்பரை அளந்து நகலெடுத்தால் அந்த ஒரு இன்ஜினுக்கு, அந்த ஒரு போர்ட் டைமிங்குக்கு மட்டும்தான் அது பொருந்தும். 125ல் இருந்ததை 50க்கு மாற்ற, ஏன் அந்த நீளம், ஏன் அந்தக் கூம்பு என்று தெரிந்த மனிதர் வேண்டும். அந்தப் புரிதல் டெக்னரின் தலையில் இருந்தது; அதைத் தலையில் ஏற்றியவர் காடன். சுஸுகியின் பங்கையும் குறைக்க மாட்டேன். துல்லியமான எந்திரங்களும் உலோகமும் பணமும் அவர்களிடம் இருந்தன, காடனுக்குக் கனவிலும் கிடைக்காத அளவில்.

டெக்னர் நாட்டை விட்டுப் போனதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். சுவருக்குப் பின்னால் குடும்பத்தோடு மாட்டிக்கொண்டவர் வெளியேற வழி தேடியது இயல்பு. ஆனால் கூட வேலை செய்தவரின் உழைப்பைக் கூலியாகக் கொடுத்து வெளியேறினார் என்பதும் உண்மை, அதை மழுப்பவும் முடியாது. அவருக்கும் நல்ல முடிவு அமையவில்லை. 1963ல் சுசூகாவில் 250 பந்தயத்தின் முதல் சுற்றிலேயே விழுந்து தீயில் வெந்தார். பல முறை தோல் ஒட்டுச் சிகிச்சை. 1983ல் டெனெரிஃப் தீவில் இறந்தபோது வயது 51. சுசூகாவில் இன்றும் ஃபார்முலா 1 கார்கள் திரும்பும் ஒரு வளைவுக்கு அவர் பெயர்.

காடன் சோபாவிலேயே இருந்தார். 1963ல் உலக சாம்பியன் மைக் ஹெயில்வுட், சாக்சன்ரிங்கில் எம்இசட் 250ஐ ஓட்டி ஜெயித்தார். பணக்கார அணிகளின் வண்டிகள் இருக்க, அந்த மனிதர் எம்இசட்டில் ஏறியதே காடனுக்குக் கிடைத்த பெரிய மரியாதை என்பேன். பிறகு வெற்றிகள் அரிதாயின. 1996ல் காடன் காலமானார்.

அவருடைய சேர்க்கை மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. 1964ல் ஃபில் ரீட் 250 பட்டம் வென்ற யமஹா ஆர்டி56ல் டிஸ்க் வால்வு. 1976, 1977ல் பேரி ஷீன் 500 பட்டம் வென்ற சுஸுகி ஆர்ஜி500ல் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு டிஸ்க். அதே சுஸுகியின் 100 சிசி டூ ஸ்ட்ரோக்கை 1984 முதல் நம் ஓசூரில் இன்ட்-சுஸுகி செய்தது. உலகப் பந்தயத்தில் டூ ஸ்ட்ரோக் 125 வகுப்பின் கடைசி ஆண்டு 2011. நிகோ டெரோல் பட்டம் வென்ற அந்த அப்ரிலியாவும் ஒற்றை சிலிண்டர்தான். டிஸ்க் வால்வு, பின்பக்க டிரான்ஸ்ஃபர் போர்ட், எக்ஸ்பான்ஷன் சேம்பர் மூன்றும் அதில் இருந்தன. 50 குதிரைத்திறனுக்கு மேல் கொடுத்தது.