ஒரு பையனுக்கு ஒரு சுவர்

ஞாயிற்றுக்கிழமை நம் பெங்களூர்ப் பூங்காவில் நடந்ததை எல்லாரும் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். பம்ப் ரூம் பின்சுவரில் தனியாகக் கால்பந்து தட்டிக்கொண்டிருந்த பையனிடமிருந்து பந்தைப் பிடுங்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். "சுவர் பாழாகுது" என்பது காரணம். பக்கத்தில் வாக்கிங் வந்த பெரியவர்கள் தலையாட்டுகிறார்கள். அதில் தமிழ்க் குரலும் கேட்கிறது. அதுதான் கூடுதலாக வலிக்கிறது.

சுவரைப் பற்றியே பேசுவோம். ஐந்தாம் நம்பர் பந்து 410 முதல் 450 கிராம். பத்தடி தள்ளி நின்று ஒரு சிறுவன் உள்பாதத்தால் தட்டினால் ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு ஒன்றும் ஆகாது. பூச்சு உதிர்ந்த இடத்தைப் பாருங்கள்: தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு, பந்தே படாத மூலை வரைக்கும் ஒரே சீராக உதிர்ந்திருக்கிறது. அது ஓதம், தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம். விரல் முட்டியால் தட்டினால் உள்ளே வெற்றாகச் சத்தம் வரும். பூச்சு செங்கல்லை விட்டு எப்போதோ கழன்றுவிட்டது. பழி மட்டும் பந்தின் மேல்.

"டர்ஃபுக்குப் போகட்டுமே" என்கிறார்கள். மணிக்கு ஆயிரத்துக்கு மேல் வாங்கும் டர்ஃப், அதாவது வாடகைச் செயற்கைப் புல் மைதானம், பத்துப் பேர் பங்கு போட்டு ஆடுகிற இடம். காசை விடுங்கள், டர்ஃபைச் சுற்றி இருப்பது வலை. வலையில் அடித்த பந்து அங்கேயே செத்து விழும். தனியாகப் பழகுகிறவனுக்குப் பந்தைத் திருப்பித் தருவது சுவர் மட்டும்தான்.

"ஊரெல்லாம் சுவர் இருக்கே." எங்கே? மெட்ரோ தூண் வளைந்திருக்கும், பந்து நேராக டிராஃபிக்குக்குள் ஓடும். கருங்கல் சுவரில் பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. நாலு அங்குல ஹாலோ பிளாக் காம்பவுண்ட் அதிர்ந்து விரிசல் விடும், அதில் அடிக்கக் கூடாது என்று நானே சொல்வேன். கடை ஷட்டர் தெருவையே எழுப்பும். மேலே கண்ணாடிச் சில் பதித்த சுவர் பந்தைக் கிழிக்கும். எல்லாம் கழித்தால் மிஞ்சுவது பூங்கா பம்ப் ரூம், மாநகராட்சிப் பள்ளியின் வெளிச்சுவர், கான்கிரீட் தடுப்புச் சுவர். அதில் ஒன்றைத்தான் அந்தப் பிள்ளை தேடிக் கண்டுபிடித்திருக்கிறான்.

சத்தம் பற்றிய புகாரில் நியாயம் உண்டு. சுவருக்குப் பின்னால் படுக்கையறை இருந்தால் 'தொம் தொம்' என்று இறங்கும். அதனால் பின்னால் வீடில்லாத சுவராகப் பார்க்க வேண்டும். பந்து எகிறும் என்று பயந்தால் ஃபுட்சால் பந்து (உள்ளரங்கக் கால்பந்துக்கான பந்து) வாங்கிக் கொடுங்கள். இரண்டு மீட்டரிலிருந்து போட்டால் 65 சென்டிமீட்டருக்கு மேல் எழும்பாது. எகிறாது, உருண்டே திரும்பி வரும்.

பந்து மதிலைத் தாண்டுவது, உடம்பு பின்னால் சாய்வதால். ஊன்றுகால் பந்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் தள்ளி, கணுக்கால் விறைப்பாக, மார்பு பந்துக்கு மேலே. முழங்கால் உயரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, அதற்குக் கீழேயே இருபது வலதுகால், இருபது இடதுகால். முதலில் நிறுத்தித் தட்டணும், பழகியபின் நிறுத்தாமல். இப்படிப் பழகுகிறவன் பந்து யார் தலையிலும் விழாது.

"பூங்கா நடக்கிறவர்களுக்கு" என்கிறவர்களுக்கு நான் பொறுமையாகப் பதில் சொல்லப்போவதில்லை. பூங்கா பிள்ளைகளுக்கும்தான். அல்சூர் கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலை வைத்தது யார்? நம் சனங்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியின் அருமைநாயகம், இரண்டு பேரும் இந்த ஊர்க்காரர்கள். அவர்கள் பெயரைச் சொல்லி மேடையில் மாலை வாங்குகிற அதே ஆட்கள், ஒரு பிள்ளை தனியாகப் பந்து தட்டினால் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு ஆறவில்லை.

மைதானம் கேட்கவில்லை. கோச் கேட்கவில்லை. வார்டுக்கு ஒரு சுவர்: எட்டடி உயரம், பதினைந்தடி நீளம், ஒன்பது அங்குலக் கனம், வழவழப்பான சிமெண்ட் பூச்சு, பின்னால் வீடில்லாத பக்கம், முன்னால் அதே அளவு சிமெண்ட் தரை, மழைத் தண்ணீர் ஓட லேசான வாட்டம். அடுத்த வார்டு கூட்டத்தில் இதை எழுதிக் கொடுக்கிறேன். கையெழுத்துப் போட வருகிறவர்கள் வாருங்கள்.