வன்னிக்குப் பை மாட்டிக் கிளம்பும் வடசென்னைப் பிள்ளைகளுக்கு

மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினால் யாழ்ப்பாணத்து விமான நிலையமான பலாலி ஒன்றேகால் மணி நேரம். எண்ணூரில் பஸ் ஏறித் தாம்பரம் போய்ச் சேர இதைவிட நேரமாகும். யாழ்ப்பாணம் இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டதால் தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி என்று நம்ம ஏரியாப் பிள்ளைகள் ரெண்டு ரெண்டு பேராகக் கிளம்புகிறார்கள். கிளம்புங்கள், நல்ல விஷயம். ஆனால் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் போகிறவர்களுக்காக எழுதப்பட்ட குறிப்புகளை வைத்துக்கொண்டு வடக்கே யாழ்ப்பாணத்துக்கும், கிளிநொச்சி, முல்லைத்தீவு இருக்கும் வன்னிக்கும் போகாதீர்கள். 26 வருடம் போர் நடந்து, 2009 மே 18 அன்று முல்லைத்தீவில் ஒரு சின்னக் கடற்கரைத் துண்டில் முடிந்த மண் அது. ரோடு போட்டாயிற்று, ரயில் ஓடுகிறது, கடைகளில் கூட்டம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

அங்கே நம்மிடம் இருக்கும் பெரிய வசதியும் மொழிதான், பெரிய ஆபத்தும் மொழிதான். ஐரோப்பாவிலிருந்து வருகிறவருக்கு, டீக்கடையில் நிற்கும் அம்மாவிடம் "உங்க வீட்டுல யார் யாரெல்லாம் போனாங்க?" என்று கேட்கத் தெரியாது. நமக்குத் தெரியும், அதனால் கேட்டுவிடுகிறோம். பாசத்தில்தான் கேட்கிறோம். ஆனால் பதில் சொன்ன பிறகு அந்த அம்மாவுக்கு அன்றைக்கு இரவு தூக்கம் போகும். நாம் அடுத்த பஸ் பிடித்துப் போய்விடுவோம்.

வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்த பலாலிக்கு, கொரோனாவில் நின்றுபோன சென்னை விமானம் 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியது. கடல் வழி என்றால் எழும்பூரில் இரவு ரயில் ஏறி நாகப்பட்டினம், அங்கிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல், நாலு மணி நேரம் அளவில். ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் கப்பலை நிறுத்திவிடுவார்கள். அதனால் போகும்போது கப்பல், திரும்பும்போது விமானம் என்று வைத்துக்கொண்டால் லீவு முடிகிற நாளில் துறைமுகத்தில் உட்கார்ந்து தவிக்க வேண்டியதில்லை. இ.டி.ஏ. என்ற இணையவழிப் பயண அனுமதியை இலங்கை அரசின் தளத்தில் மட்டும் எடுங்கள். தரகர் தளங்கள் அதே படிவத்துக்குக் கூடுதல் பணம் வாங்கும். வெயிலும் மழையும் தாங்கக்கூடிய மாதங்கள் மாசியும் பங்குனியும். ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும், அப்போது யாழ்ப்பாணத்தில் அறை கிடைப்பது கஷ்டம்.

பை 40 லிட்டருக்கு மேல் வேண்டாம், எடை 8 கிலோவுக்குள் நிற்கட்டும். இ.போ.ச. என்கிற அரசு சிவப்பு பஸ்ஸில் நின்றுகொண்டே போக வேண்டிவரும், பெரிய பை இருந்தால் பள்ளிப் பிள்ளைகள் முகத்தில்தான் இடிக்கும். ரெண்டு லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், முழுக்கை சட்டை, டார்ச், மூன்று சதுர முள் செருகும் பிளக்குக்கு ஒரு அடாப்டர். பாரிமுனையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பட்டாளத்து டிசைன் போட்ட பையையோ பேன்ட்டையோ வாங்கிக்கொண்டு போகாதீர்கள். சோதனைச் சாவடியில் கேள்வி வரும் என்பது ஒரு பக்கம். அந்தத் துணியைப் பார்த்தாலே உள்ளுக்குள் நடுங்குகிறவர்கள் பக்கத்து சீட்டில் இருப்பார்கள் என்பதுதான் முக்கியம். புலிச் சின்னமோ தலைவர் படமோ போட்ட டி-ஷர்ட், போன் கவர் எதுவும் கூடவே கூடாது. இங்கே அது ஒரு உணர்வு. அங்கே அது தடை செய்யப்பட்ட சின்னம். அதனால் வரும் விசாரணை உங்களோடு விமானம் ஏறாது, உங்களுக்கு அறை கொடுத்தவர் வீட்டு வாசலில் போய் நிற்கும்.

இனி மிதிவெடி. நாம் கண்ணிவெடி என்கிறோம், அவர்கள் மிதிவெடி என்பார்கள். அந்தச் சொல் காதில் விழுந்தால் உடனே நிற்க வேண்டும். இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது, அகற்றி முடிக்கக் கெடு 2028. ஏ-9 ரோட்டில் யாழ்ப்பாணத்திலிருந்து ஆனையிறவு நோக்கிப் போகும்போது பளைக்கு முன்னால் முகமாலை வரும். வருடக்கணக்காக ரெண்டு பக்கமும் முன்னரங்கு அமைத்து நின்ற இடம், உலகத்திலேயே நெருக்கமாக மிதிவெடி புதைத்த நிலங்களில் ஒன்று. அங்கே மண்டியிட்டு மண்ணைச் சுரண்டி எடுக்கிறவர்களில் நிறையப் பேர் பெண்கள், அதிலும் குடும்பத்தைத் தனியாகத் தாங்குகிறவர்கள். டிடெக்டர் சத்தம் கொடுத்த இடத்தைச் சின்ன மண்வாரியால் பக்கவாட்டில் மெதுவாகத் திறக்க வேண்டும். பல நாள் ஒருவர் சில சதுர மீட்டரைத்தான் தாண்ட முடியும். பஸ்ஸை நிறுத்தி அவர்களைப் படம் எடுக்காதீர்கள். அவர்கள் கவனம் சிதறக் கூடாது.

மெயின் ரோடும், ஊர்க்காரர்கள் தினம் நடக்கும் ஒழுங்கையும் (சின்னச் சந்து) பயப்பட வேண்டிய இடமில்லை. தப்பு நடப்பது மூன்று இடத்தில். முதலாவது, ஒன்றுக்குப் போக ரோட்டை விட்டுப் புதருக்குள் இறங்குவது. பசங்க எல்லோரும் செய்வது இதுதான். கடையிலோ கோயிலிலோ கேளுங்கள், காட்டுவார்கள். அடுத்தது, கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு வரைபடத்தில் தெரியும் குறுக்குப் பாதையில் நடப்பது. போனில் கோடு தெரிகிறது என்பதற்காக அந்தக் கோட்டில் இன்றைக்கு யாராவது நடக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. இன்னொன்று, ஆளில்லாத இடிந்த வீட்டுக்குள் போவது. கூரை இல்லாத, குண்டுத் துளை விழுந்த வீடு போட்டோவுக்கு நன்றாக இருக்கும். உள்ளே வெடிக்காத எறிகணை இருக்கலாம், புல் மூடிய கிணறு இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே, அது ஒருவருடைய வீடு. சொந்தக்காரர் கனடாவில் இருக்கலாம், இல்லை நம்ம புழல் அகதி முகாமில் இருக்கலாம்.

மாடு மேய்கிறது, அதனால் ஒன்றும் இருக்காது என்று கணக்குப் போடாதீர்கள். வெள்ளம் வந்தால் மண் நகரும், புதைத்த இடத்திலேயே வெடி இருக்காது. சிவப்புப் பலகை, மண்டையோடு, சிவப்புக் குச்சி, நாடா எதைக் கண்டாலும் திரும்பிவிடுங்கள். பிளாஸ்டிக் மூடி மாதிரி, துருப்பிடித்த டப்பா மாதிரி எது கிடந்தாலும் எடுக்காதீர்கள், காலால் தள்ளாதீர்கள். பழைய இரும்பு பொறுக்கப் போய்க் கை போனவர்கள், உயிர் போனவர்கள் அங்கே உண்டு. தப்பான இடத்தில் இறங்கிவிட்டோம் என்று தெரிந்தால் அப்படியே நில்லுங்கள். ஓடாதீர்கள், உட்காராதீர்கள், கூட வந்தவரையும் கிட்டே வர விடாதீர்கள். சத்தம் போட்டு ஆள் கூப்பிடுங்கள். போலீஸ் 119, இலவச ஆம்புலன்ஸ் 1990. இந்த ரெண்டையும் சிம் வாங்கிய அன்றைக்கே போனில் பதிந்துவிடுங்கள்.

யாழ்ப்பாணத்தில் ரெண்டு நாள் போதும் என்பார்கள். என் கருத்து வேறு: இடத்தைக் குறையுங்கள், நாளைக் கூட்டுங்கள். ஒரு வாரம் இருந்தால் யாழில் மூன்று இரவு, கிளிநொச்சியில் ஒன்று, முல்லைத்தீவில் ரெண்டு, ஒரு நாள் கையிருப்பு. யாழிலிருந்து கிளிநொச்சி 65 கிலோமீட்டர் அளவில். பரந்தன் சந்தியில் கிழக்கே திரும்பினால் புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் பாலம் தாண்டி முல்லைத்தீவு, 50 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. இந்தப் பக்கம் பஸ் குறைவு. முந்தின நாள் மாலையே கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ரெண்டு பேரிடம் கேளுங்கள், அதற்கு முந்தின பஸ்ஸில் ஏறுங்கள். இருட்டினால் வன்னி ரோட்டில் யானை வரும், வாடகை ஸ்கூட்டியில் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம். ஏ-9இல் தெற்கே இறங்கினால் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் வண்டிகள் நிற்கும். அங்கே வறுத்த கச்சான் வாங்குங்கள், நம்ம ஊர் வேர்க்கடலைதான்.

பேச்சு பற்றி இன்னும் கொஞ்சம். நம்ம ஏரியாவில் "இன்னா அண்ணே, வா, போ" என்றால் நெருக்கம். அங்கே முன்பின் தெரியாதவரை ஒருமையில் கூப்பிட்டால் அவமரியாதை. சின்னப் பையனிடம்கூட "நீங்கள்" என்று பேசுகிற வீடுகள் நிறைய. அண்ணை, அக்கா, ஐயா, அம்மா, தம்பி என்று முறை வைத்துக் கூப்பிடுங்கள், "ஓம்" என்றால் ஆமாம், "கதைப்பம்" என்றால் பேசலாம். அவர்கள் மாதிரி பேசிக் காட்டாதீர்கள், உங்கள் தமிழிலேயே பேசுங்கள். வீட்டுக்குப் போனால் படலைக்கு, அதாவது வேலி வாசலுக்கு, வெளியே நின்று குரல் கொடுங்கள். கதவு இல்லை, வேலிதானே என்று உள்ளே போகக் கூடாது.

என்ன கேட்கலாம்? மழை எப்படி, நெல் விலை என்ன, பிள்ளை என்ன படிக்கிறது, இந்தச் சம்பல் எப்படி அரைத்தீர்கள். போரைப் பற்றி அவர்களாகக் கதைத்தால் கேளுங்கள், நடுவில் உங்களுக்குத் தெரிந்த அரசியலைச் செருகாதீர்கள். "நாங்க அன்னைக்குத் தெருவுல இறங்கினோம்" என்று சொல்லவும் வேண்டாம். அந்த நேரத்தில் கடல் தாண்டி இருந்த நம்மால் என்ன ஆயிற்று, என்ன ஆகவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்கள் 2017 பிப்ரவரியில் ரோட்டோரம் போராட உட்கார்ந்தார்கள். பிள்ளையின் படத்தைப் பிடித்தபடியே சிலர் இறந்தும் போனார்கள். அப்படி ஒரு அம்மா முன்னால் செல்பி எடுக்கிற கையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கேமரா அங்கே நமக்கு மட்டும் சம்பந்தப்பட்ட பொருளில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் வந்தது, முகநூலில் போட்ட படத்துக்காக அதில் கைதானவர்கள் உண்டு. மே 18 வாரத்திலும் மாவீரர் நாளான நவம்பர் 27 சுற்றியும் வடக்கே இருந்தால் முகம் தெரியும் படம் எதுவும் போடாதீர்கள். மே மாதம் தெருவில் கஞ்சி கொடுப்பார்கள். கடைசி நாட்களில் அந்தச் சனம் உயிர் பிடித்திருந்த கஞ்சியின் நினைவு அது. கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள், அமைதியாக நில்லுங்கள், அவ்வளவுதான். ராணுவ முகாம், சோதனைச் சாவடி, முல்லைத்தீவு நந்திக்கடல் பக்கக் கடற்படை இடங்களைப் படம் எடுக்கக் கூடாது. ட்ரோனுக்கு முன்அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

காசு யார் கையில் போகிறது என்று பாருங்கள். ஒரு இந்திய ரூபாய்க்கு இலங்கை ரூபாய் சில மடங்கு வரும், நமக்கு மலிவாகத்தான் தெரியும். அதற்காகப் பனங்கட்டி விற்கிறவரிடமும் கருவாடு விற்கும் அக்காவிடமும் பேரம் பேசாதீர்கள். அறை எடுக்கும்போது நடத்துகிறவர் யார் என்று கேளுங்கள். வடக்கில் படையினர் நடத்தும் விடுதியும் உண்டு, உணவகமும் உண்டு. தங்கள் காணி இன்னும் திரும்பக் கிடைக்காத குடும்பங்கள் இருக்கும் ஊரில் ஒரு வீட்டு மாடி அறைக்குக் கொடுக்கும் காசுதான் நேராகச் சேரும். காலையில் பிட்டு, சொதி, இடியப்பம் குடும்பக் கடைகளிலேயே கிடைக்கும். சின்ன நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள், முல்லைத்தீவுப் பக்கம் கார்டு எல்லாக் கடையிலும் செல்லாது.

காசிமேட்டுப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. மயிலிட்டி, பருத்தித்துறை, முல்லைத்தீவுக் கரையில் நீங்கள் இந்தியாவிலிருந்து வந்த மீனவ வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால் இழுவைமடி, அதாவது கடலடியை வாரும் வலை, பற்றிப் பேச்சு வரும். அதை இழுக்கும் படகை "றோலர்" என்பார்கள். போர்க் காலத்தில் கடலுக்குப் போகவே தடை. 2004 சுனாமியில் முல்லைத்தீவு கரையோடு போனது. எல்லாம் முடிந்து கடன் வாங்கிக் கண்ணாடியிழைப் படகும் வலையும் வாங்கினால், இரவில் நம்ம பக்க விசைப்படகு வந்து வலையை அறுத்துக்கொண்டு போகிறது. இலங்கை 2017இல் தன் மீனவர்களுக்கே இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. காசிமேட்டுப் படகு பாக் நீரிணைக்குப் போவதில்லை என்று நீங்கள் சொல்வது உண்மைதான். ஆனாலும் முதலில் அவர் வலையின் விலையைக் கேளுங்கள். சிறைப்பட்ட நம்ம ஆட்களின் கதை நமக்குத் தெரியும், அறுந்த வலையின் கதை இங்கே எந்தக் கரையிலும் பேசப்படுவதில்லை.

கிளம்புவதற்கு முன்னால் புழலுக்கு ஒருமுறை போய் வாருங்கள். காவாங்கரையில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாம், 2021இலிருந்து மறுவாழ்வு முகாம் என்று பெயர். நம்மில் பல பேர் அந்த வழியாக நூறு தடவை போயிருப்போம். வன்னியில் பிறந்து, திரும்பிப் பார்க்க முடியாமல் முப்பது வருடத்துக்கு மேல் இங்கே இருக்கிறவர்கள் இப்படிப்பட்ட முகாம்களில் இருக்கிறார்கள். தெரிந்தவர் இருந்தால் அவர் மூலமாகப் பேசுங்கள். பார்சல், மருந்து, பணம் எதையும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள், சுங்கத்தில் மாட்டிக்கொள்வீர்கள். படம் கேட்டால் மட்டும் எடுத்து வாருங்கள். ஊர்க் கோயில், படித்த பள்ளிக்கூடம், வளவில் (வீட்டைச் சுற்றிய நிலத்தில்) நின்ற மாமரம், கிணறு என்று கேட்பார்கள். ஊர், சந்தி, ஒழுங்கைப் பெயரை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள், இப்போது பலகையில் வேறு எழுத்து இருக்கலாம். காணிக்குள் இப்போது வேறு குடும்பம் இருந்தால் அவர்களைக் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ராணுவ முகாம் வேலி இருந்தால் எடுக்கவே கூடாது, வந்து வாயால் சொல்லுங்கள். படம் கிடைத்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் 6க்கு 4 அளவில் பிரிண்ட் போட்டு, நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.