'தஏர்' என்று எழுதினால் என்ன குறை?

எங்கள் திருவாரூர்ப் பக்கத்தில் பிள்ளை ஒரு சொல்லைத் தப்பாக எழுதிவிட்டால் போதும், வீட்டில் கூடிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இதே கதிதான். இந்தப் பதற்றம் வீண் என்பது என் கட்சி.

மாலை நேரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டுவேன். ஆழித்தேர் பார்த்துவிட்டு வந்த சிறுமி ஒருத்தி, தேரின் படத்தை வரைந்து கீழே 'தஏர்' என்று எழுதினாள். அவள் அம்மா உடனே ரப்பரைத் தேடினார். வேண்டாம் என்றேன். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: முதலில் தகர ஒலி, அப்புறம்தான் ஏ. அவள் காது கேட்ட வரிசையில் கை எழுதியிருக்கிறது. நம் எழுத்து முறையில்தான் பின்னால் ஒலிக்கும் உயிருக்குக் கொம்பு முன்னால் போய் நிற்கிறது. 'கோ'வில் இன்னும் வேடிக்கை, முன்னே கொம்பு, பின்னே கால், நடுவில் க.

அந்தக் கொம்பே பெரியவர்களையும் படுத்தியதுதான். பழைய ஓலைகளில் பெரும்பாலும் புள்ளி இல்லை, எகர ஏகார வேறுபாடும் தெரியாது. இடம் பார்த்துத்தான் படித்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் கொள்ளிடக் கரை ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர் கொம்பைச் சுழித்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்தார். புலவர்களே திணறிய இடத்தில் ஐந்து வயதுப் பிள்ளை திணறக்கூடாதா?

இது தமிழுக்கு மட்டும் உள்ள சங்கதியும் அல்ல. சார்லஸ் ரீட் என்ற அமெரிக்க மொழியியலாளர், பள்ளிக்குப் போகாத குழந்தைகள் தாங்களாகவே எழுதியவற்றை ஆராய்ந்து 1971இல் கட்டுரை எழுதினார். 'ட்ரை' (try) என்ற சொல்லை அவர்கள் 'சிஎச்' போட்டுத் தொடங்கியிருந்தார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்கள் வாயில் அந்த 'ட்ர' கிட்டத்தட்ட 'ச்ர' என்றுதான் ஒலிக்கிறது. பெரியவர்களுக்குக் கேட்காதது பிள்ளைகளுக்குக் கேட்டிருக்கிறது.

அதற்காகக் காதை மட்டும் நம்பினால் ஆகாது. 'மழை'யை நம்மில் பலர் 'மளை' என்றுதான் சொல்கிறோம், சொல்வதெழுதச் சொல்லும் ஆசிரியர் உட்பட. ர, ற பேதம் பேச்சில் ஏறக்குறைய போய்விட்டது. ந, ன இரண்டுக்கும் ஒலி ஒன்றுதான். இவற்றைக் கண்தான் கற்றுக்கொள்ள வேண்டும். கதைப் புத்தகத்தில் 'மழை' பலமுறை கண்ணில் பட்டால் 'மளை' தானாகவே உறுத்தும். 'பத்துத் தடவை எழுது' என்று தண்டனை கொடுத்தால் ஐந்தாவது தடவையிலேயே பிள்ளை தூங்கிவிடும்.

கை விஷயம் வேறு. மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்பு. அவை ஒவ்வொன்றாக இறுகப் பல ஆண்டுகள் ஆகும். எல்.கே.ஜி. பிள்ளையிடம் நான்கு கோடு நோட்டைக் கொடுத்துக் கோட்டைத் தாண்டாதே என்பவர்களுக்கு இதை யார் சொல்வது? விஜயதசமியன்று கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் விரல் பிடித்து அரிசியில் 'அ' எழுத வைக்கிறோம். மறுநாளே தட்டை எடுத்து வைத்துவிட்டுப் பென்சிலைத் திணிக்கிறோம். அந்த அரிசித் தட்டு ஒரு வருடம் வீட்டிலேயே கிடக்கட்டுமே. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவே பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் படித்தார். மார்கழி வாசலில் புள்ளிக் கோலம் இழுக்கும் பிள்ளைக்கு அகரத்தின் சுழி எளிதில் வருகிறது என்பது நான் பார்த்தது. பையன்களையும் கோலம் போடவிடுங்கள், குடி முழுகிவிடாது.

அப்படியானால் திருத்தவே கூடாதா என்று சண்டைக்கு வருவீர்கள். திருத்தலாம், ஆனால் பொருள் கெடும் இடத்தில் முதலில். 'பாட்டி வந்தாள்' என்று எழுத நினைத்து 'பாடி வந்தாள்' என்று எழுதியிருந்தால் அந்த 'ட்'டை அன்றே காட்டிக்கொடுங்கள். பாட்டிக்கும் கோபம் வராது. ழகரமும் றகரமும் இரண்டாம் வகுப்புவரை காத்திருக்கலாம்.