சூசன்னா சிப்பரின் மெல்லிய குரல்

18ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பாடகியும் நடிகையுமான சூசன்னா சிப்பர் பற்றி யார் எழுதினாலும் 1742 டப்ளின் கதையில்தான் தொடங்குகிறார்கள். இசையமைப்பாளர் ஹேண்டல் பைபிள் வரிகளுக்கு இசையமைத்த ‘மெசையா’வின் முதல் அரங்கேற்றத்தில் அவர் பாடியதும், “பெண்ணே, இதற்காகவே உன் பாவமெல்லாம் மன்னிக்கப்படட்டும்” என்று ஒரு பாதிரியார் உரக்கச் சொன்னாராம். இந்தக் கதை எனக்குப் பிடிப்பதில்லை. பாவம் யாருடையது?

மனைவியின் சம்பாத்தியம் கணவனுக்கே என்றது அன்றைய இங்கிலாந்துச் சட்டம். கணவர் தியோஃபிலஸ் அவருடைய சம்பளத்தைப் பிடுங்கினார், உடைகளைக்கூட விற்றார். வில்லியம் ஸ்லோப்பர் என்பவருடன் மனைவி பழக வழிவிட்டதும் அவரே. பிறகு 1738இல் ஸ்லோப்பரிடம் 5,000 பவுண்டு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். ஜூரி கொடுத்தது 10 பவுண்டு! ஆனாலும் லண்டன் மேடையை இழந்தது சூசன்னாதான்.

பேச வேண்டியது அவருடைய பாட்டைப் பற்றி. குரல் வெறும் நூலிழை, சங்கீத ஞானமும் சொற்பம் என்று இசை வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் பர்னி எழுதினார். சரி, அப்புறம் ஏன் ஹேண்டல் அவரைத் தேர்ந்தெடுத்தார்? 1732இல் பாடகியாக மேடையேறியவர், 1736இல் ‘ஸாரா’ நாடகத்தில் சோகநாயகியாகவும் பெயர் வாங்கிவிட்டார். சொல்லை எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

“அசட்டைபண்ணப்பட்டவரும், மனுஷரால் புறக்கணிக்கப்பட்டவரும்” என்ற ஏசாயா 53ஆம் அதிகார வரிகளுக்கு ‘மெசையா’வில் அவர் பாடிய ஆரியாவை, அதாவது தனிக்குரல் பாட்டை, கேளுங்கள். சுருதி ஈ-ஃபிளாட் மேஜர், மெதுநடை. பாட்டு ஏறத்தாழ ஒரே ஸ்தாயிக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு சொல், ஒரு மௌனம், வயலின்களின் பதில், மறுபடி ஒரு சொல். சில இடங்களில் வாத்தியமே இல்லாமல் குரல் தனியாக நிற்கிறது. மெல்லிய குரலை எதுவும் மூடிவிடாது. ‘மெசையா’வின் இன்னொரு ஆரியாவை ஜி மைனர் சுருதியிலிருந்து சி மைனருக்கு மாற்றியே அவருக்குக் கொடுத்தார் ஹேண்டல்.

இன்று பாடுபவர்கள் பலர் சறுக்குவது அந்த மௌனங்களில்தான். நடையை இன்னும் இழுத்தால் சொற்களுக்கிடையே உள்ள தொடர்பு அறுந்துபோகும். மௌனத்தைச் சுருக்கினால் வயலின்களின் பதில் வெறும் பின்னணியாகிவிடும். முதல் பகுதி திரும்ப வரும்போது அலங்காரம் அள்ளிப்போட்டால் துக்கம் போய், பாடகியின் திறமைதான் மிஞ்சும். நேரம் மிச்சம் பிடிக்க நடுப்பகுதியை வெட்டுவதோ அநியாயம். சாட்டையடி போல் சி மைனரில் தந்திகள் துடிக்கும் அந்த இடம் இல்லையென்றால், திரும்ப வரும் முதல் வரி எதைத் தாண்டி வந்தது என்றே புரியாது.

முழுசாகப் பாட பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆகட்டுமே.