விரல் நுனியில் ஊசி குத்தினால் பக்கவாதம் போகாது

"பக்கவாதம் வந்தவரை அசைக்காதீர்கள், பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ரத்தம் வரவையுங்கள், எழுந்து உட்கார்ந்துவிடுவார்" என்று வாட்ஸ்அப்பில் மறுபடி சுற்றுகிறது. பொய். பக்கவாதத்தில் பெரும்பாலும் அடைப்பு இருப்பது மூளை ரத்தக்குழாயில், விரலில் நாலு சொட்டு போனால் அது எப்படிக் கரையும்? உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் சிடி ஸ்கேன் வேறு இருக்கிறது, ஆகவே ஊசி தேடுகிற நேரத்தில் 108-ஐ அழையுங்கள்.

சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, தூக்கிய கை தானாக இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, அப்போது மூளையைத்தான் சந்தேகிக்க வேண்டும். நெஞ்சை அழுத்தி, கை, தாடை வரை வலி பரவி வேர்த்தால் மாரடைப்பாக இருக்கலாம் (சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமலும் வரும்). இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள், மூளையில் ரத்தக்கசிவு என்றால் அது இன்னும் மோசமாகும்.