டிரம்முக்கு மூடி கொடுங்கள்

மழை தொடங்கியாச்சு. இனி எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் "புகை எப்போ அடிப்பாங்க?" என்ற கேள்விதான் ஓடும். புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். தண்ணீரில் நெளியும் புழு அப்படியே இருக்கும். பத்து நாளில் அடுத்த கூட்டம் கிளம்பிவிடும்.

டெங்கு கொசுவுக்கு நம் வீட்டு நல்ல தண்ணீர்தான் வேண்டும். நீல டிரம், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மொட்டை மாடியில் போட்டு வைத்த டயர். டிரம்மைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, உள்பக்கம் ஒட்டியிருக்கும் முட்டை மிளகுத்தூள் சிந்தினது மாதிரிதான் தெரியும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, தண்ணீர் பிடித்ததும் பொரிக்கும். நாரைப் போட்டு அழுத்தித் தேய்க்கணும்.

ஆனால் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருக்கிற வீட்டில் போய் "தண்ணி சேர்த்து வைக்காதே" என்று சொல்வது அநியாயம். தினமும் குழாயில் தண்ணீர் வந்தால் யார் டிரம் வைக்கப்போகிறார்கள்? அதிகாரிகளே, கொசுப்புழு இருக்கிறதென்று அபராத நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்னால் மூடி கொடுங்கள்.

சென்னையிலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வு அது. நூறு நூறு வீடுகளாகப் பிரித்து, மகளிர் சுயஉதவிக் குழுக்களையும் சேர்த்துக்கொண்டு, தண்ணீர்ப் பாத்திரங்களுக்கு மூடி கொடுத்தார்கள். அந்தப் பகுதிகளில் கூட்டுப்புழு, அதாவது கொசுவாகிப் பறப்பதற்கு முந்தைய நிலை, ஏறக்குறைய இல்லாமலே போனது. நிகரகுவாவிலும் மெக்சிகோவிலும் பூச்சிமருந்தை மட்டும் நம்பியிராமல் ஊர்க்காரர்களே வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். குழந்தைகளிடம் டெங்குத் தொற்று 30 சதவீதம் அளவுக்குக் குறைந்ததாக 2015இல் முடிவு வந்தது.

இந்தக் கொசு பெரும்பாலும் இருநூறு மீட்டர் தாண்டாது. அதனால் ஒரு வீடு மட்டும் சுத்தமாக இருந்து பிரயோஜனமில்லை. தெருவே சேரணும். கொசு ஒழிப்புப் பணியாளர் அக்கா வந்தால் கேட்டைத் திறக்காமலே "இங்க ஒண்ணும் இல்லம்மா" என்று அனுப்பிவிடுகிறோமே, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். கொளுத்துகிற வெயிலில் நமக்காகத்தான் அவர் டார்ச் அடித்துத் தொட்டிக்குள் பார்க்கிறார். 2017இல் அரசுக் கணக்குப்படியே தமிழ்நாட்டில் 65 பேர் டெங்குவில் செத்தார்கள்.

கவுன்சிலரிடம் புகை கேட்கிற அதே குரலில் மூடியும் கேட்போம். கொசுவலைத் துணியில் எலாஸ்டிக் வைத்துத் தைக்க நம் பகுதி மகளிர் குழுவுக்கே ஆர்டர் கொடுக்கலாம். எங்கள் தெருக்காரர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் டிரம்மின் வாய் அளவை எடுத்து எனக்கு அனுப்புங்கள்.