திரை இருண்டதும் பத்திரம் என்று நம்பினேன்

நீடாமங்கலத்தில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். ஐப்பசி மழையில் ஒரு காற்று அடித்தால் போதும், மின்சாரம் போய்விடும். நேற்று மாலையும் போனது. குடமுழுக்கு மலரின் உபயதாரர் பட்டியல் திரையில் இருந்தது. திருப்பணிக் குழுப் பெரியவர் இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து, எந்த ஊர், யார் மகன், எவ்வளவு உபயம் என்று ஒவ்வொரு பெயராகத் திருத்திவிட்டு அப்போதுதான் எழுந்து போயிருந்தார். இன்னொரு சாளரத்தில் பழைய கோபுரப் படங்களின் கறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். யு.பி.எஸ். கீச் கீச்சென்று கத்தியது. அதன் பேட்டரி பத்து நிமிடம் தாங்கும். ஹைபர்னேட் பொத்தானை அழுத்தினேன். திரை இருண்டது. ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

இன்று காலை கணினியைத் திறந்தால் வெறும் முகப்புத் திரை. ஒரு சாளரம்கூட இல்லை.

‘சேமித்து வைக்கக் கூடாதா?’ என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். சேமித்திருந்தது மதியம் 3 மணிக் கோப்பு. ரேமில், அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தில், இருப்பதை அப்படியே வட்டில் எழுதிவைத்து, மறுநாள் விட்ட இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்று வாக்குக் கொடுக்கும் வசதிதான் ஹைபர்னேட். அந்த வாக்கை நம்பித்தான் பொத்தானை அழுத்தினேன்.

கணினி தன் செயல்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டைத் தோண்டிப் பார்த்தேன். பொத்தானை அழுத்திய சற்று நேரத்தில் ஒற்றை வரி: ஸ்வாப்பில் இடம் போதவில்லை. ரேமில் அடங்காததை வைக்க வட்டில் ஒதுக்கிய இடம்தான் ஸ்வாப். ரேமின் பிரதியான படிமத்தைப் பாதி எழுதிவிட்டுக் கைவிட்டிருக்கிறது. பிறகு எதுவும் நடக்காததுபோல் மறுபடி விழித்துக்கொண்டு, பேட்டரி சாகும்வரை யாருமில்லாத கடையில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது!

ஏன் இப்படி ஆனது என்பதுதான் என் வயிற்றெரிச்சலே. என் கணினியை இயக்கும் லினக்ஸ் ஹைபர்னேட் ஆகும்போது நினைவகத்தை ஒரு கணத்தில் உறைந்த நிலையில் பிரதி எடுக்க வேண்டும். அந்தப் பிரதி உட்காரும் இடமும் அதே ரேம்தான். களத்தில் கொட்டிக் கிடக்கும் நெல்லை அதே களத்தில் இன்னொரு குவியலாக அளந்து போடுவதென்றால் பாதிக் களமாவது காலியாக வேண்டும் அல்லவா? அதேதான் இங்கேயும். வட்டிலிருந்து மறுபடி படித்துக்கொள்ளக்கூடிய கோப்புப் பக்கங்களை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் வீசிவிடும். நிரல்கள் தாமே உருவாக்கிவைத்திருக்கும் பக்கங்களை வீச முடியாது. அவை என் உபயதாரர் பட்டியல், என் கோபுரப் படங்கள். அவற்றை ஸ்வாப்புக்குத் தள்ளும். இதெல்லாம் முடிந்து எடுக்கும் படிமத்தை எங்கே எழுதும்? அதே ஸ்வாப்பில்! களத்தைக் காலி செய்ய அனுப்பிய மூட்டைகளும் ஒரே கிடங்கில், புதிதாக அளந்த குவியலும் அதே கிடங்கில்.

என் கணினியில் ரேம் 8 ஜிபி. நிறுவும்போது தானாக ஒதுக்கிக்கொண்ட ஸ்வாப் 4 ஜிபி. நிரல்கள் பிடித்திருந்தது ஏறக்குறைய 6 ஜிபி. படிமத்தை மொத்த ரேமில் ஐந்தில் இரண்டு பங்குக்குள் அடக்கப் பார்ப்பது கெர்னலின் இயல்பான அமைப்பு. என் கணினிக்கு அது 3.2 ஜிபி. அதற்காக 2.8 ஜிபியை ஸ்வாப்புக்குத் தள்ளினால் அங்கே மிஞ்சுவது 1.2. படிமத்தைச் சுருக்கித்தான் எழுதுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படங்கள் நிறைந்த நினைவகத்தை எவ்வளவுதான் சுருக்க முடியும்?

ரேம் எவ்வளவு, ஸ்வாப் எவ்வளவு, எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற கணக்கு அத்தனையும் கணினியின் கையில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளை போடும் கழித்தல். திரையை அணைப்பதற்கு முன்பு, ‘இடம் போதாமல் போகலாம், வேலையைச் சேமித்துக்கொள்’ என்று ஒரு வரி காட்டியிருந்தால் பத்து விநாடியில் இரண்டு கோப்பையும் சேமித்திருப்பேன். பேட்டரியில் அதற்கு நேரம் இருந்தது. கடை வைத்திருப்பவன் கெர்னல் ஆவணங்களைப் படித்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டுமா?

இதற்கு மாற்று வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. நைஜெல் கன்னிங்காம் என்ற நிரலாளர் பல ஆண்டுகள் உழைத்து வளர்த்த டக்ஸ்ஆன்ஐஸ் என்ற கெர்னல் கூடுதல் நிரல், படிமத்தை இரண்டு பகுதியாக எழுதியது. மாறாத பக்கங்களை முதலில் வட்டுக்கு அனுப்பிவிட்டு, அவை இருந்த இடத்திலேயே மிச்சத்தைப் பிரதி எடுக்கும்; பாதி ரேம் காலியாக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. அது அதிகாரபூர்வக் கெர்னலில் சேரவே இல்லை. சேர்க்காததற்குக் கெர்னலைப் பராமரிப்பவர்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கட்டும். எச்சரிக்கை வரி ஒன்றைக் காட்டுவதற்குமா தடை?

இன்று மதியம் வட்டில் 12 ஜிபிக்குத் தனி ஸ்வாப் பகுதி ஒதுக்கி, ரேமை நிரப்பி மூன்று முறை சோதித்துவிட்டேன். மூன்று முறையும் விட்ட இடத்திலேயே வந்து நின்றது. பெரியவர் 4 மணிக்கு வந்தார். “தம்பி, புரூஃப் தயாரா?” என்றார். நடந்ததைச் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் பெயரிலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கினார்.